கடைக்காரர் தரும் 'ஆல் இன் ஒன்' டிஸ்க் தேவையா?

உதிரி பாகங்களை வாங்கி கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்பவர்களுக்கும், பழைய லேப்டாப் வாங்குபவர்களுக்கும் கடையில் ஒரு பென் டிரைவோ டிவிடியோ கையில் கொடுத்து அனுப்புவார்கள். "சார், இதுல விண்டோஸ், அப்டேட், டிரைவர், ஆபீஸ் எல்லாமே இருக்கு. பிரச்னைன்னா இதைப் போட்டு பூட் பண்ணுங்க, அரை மணி நேரத்துல ரெடி" என்பார்கள். நாமும் வாங்கி வந்து பீரோவில் பத்திரமாக வைத்து விடுகிறோம். இந்த டிஸ்க்கை யார் தயாரித்தார்கள், எதைச் சேர்த்தார்கள், எதை நீக்கினார்கள் என்று கேட்பதில்லை. இந்த டிஸ்க்கே நமக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. அது ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் இந்த வகை டிஸ்க்குகளுக்கு உரிய மரியாதையைக் கொடுத்து விடுவோம். அவை ஒரு காலத்தில் உண்மையிலேயே தேவைப்பட்டன. விண்டோஸ் எக்ஸ்பி 2001 அக்டோபரில் வெளியானது. 2003 ஆகஸ்ட்டில் பிளாஸ்டர் என்ற வைரஸ் பரவியது. எந்த பைலையும் நீங்கள் திறக்க வேண்டியதில்லை. பாதுகாப்பில்லாத எக்ஸ்பி கம்ப்யூட்டரை இண்டர்நெட்டில் இணைத்தாலே போதும், உள்ளே வந்துவிடும். இன்னும் 60 வினாடிகளில் கம்ப்யூட்டர் நிற்கப் போகிறது என்று ஒரு கட்டம் தோன்றி எண்கள் இறங்கத் தொடங்கும். இதற்கான அப்டேட்டை மைக்ரோசாப்ட் ஜூலையிலேயே வெளியிட்டிருந்தது. ஆனால் அதை டவுன்லோட் செய்ய இண்டர்நெட்டில் இணைய வேண்டும், இணைந்தால் வைரஸ் வந்துவிடும். பழைய சிடியில் இருந்து எக்ஸ்பி இன்ஸ்டால் செய்தவர்கள் இந்தச் சுழலில் மாட்டிக் கொண்டு தவித்தார்கள்.

இதற்கு வழி, அப்டேட்டுகளை சிடிக்குள்ளேயே சேர்த்துவிடுவது. ஒரிஜினல் சிடியில் உள்ளதை ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்து, சர்வீஸ் பேக்கை அதனுடன் இணைத்து, மீண்டும் பூட் ஆகும் சிடியாக எழுதுவார்கள். இதற்கு ஸ்லிப்ஸ்ட்ரீம் என்று பெயர். 2004 ஆகஸ்ட்டில் சர்வீஸ் பேக் 2 வந்தபோது டயல் அப் இணைப்பு வைத்திருந்தவர்களுக்கு இது பெரிய வரம். என்லைட் என்ற இலவச புரோகிராம் வந்த பிறகு கட்டளைகள் எதுவும் தெரியாமல் டிக் அடித்தே சிடி தயாரிக்க முடிந்தது. ஆனால் அது சேர்க்க மட்டும் உதவவில்லை. வேண்டாதவற்றை நீக்கவும் உதவியது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

2006-ல் நானும் ஒரு சிடி தயாரித்தேன். எக்ஸ்பியை எவ்வளவு சின்னதாக்க முடியும் என்று ஒரு வெறி. கொரியன், அரபு என்று மொழிகள் பிரிவில் இருந்ததை எல்லாம் நீக்கினேன். அந்த சிடியைத்தான் என் மாமனாரின் கம்ப்யூட்டரில் போட்டேன். வேகமாக இயங்கியது, எனக்கு ஒரே பெருமை. பத்து நாள் கழித்து போன் செய்தார். "மாப்ளே, பையன் தமிழ்ல மெயில் அனுப்பியிருக்கான். வெறும் கட்டம் கட்டமா வருது." ரீஜனல் செட்டிங்ஸ் சென்று, இந்திய மொழிகளுக்கான பைல்களை இன்ஸ்டால் செய்யும் கட்டத்தில் டிக் செய்யச் சொன்னேன். அது சிடியைக் கேட்டது. நான் தயாரித்த சிடியைப் போட்டார். பைல் இல்லை என்றது. எப்படி இருக்கும்? மொழிகளோடு மொழியாகத் தமிழையும் நானே நீக்கி இருந்தேன். ஒரிஜினல் சிடி கொண்டு போய் மறுபடி முதலில் இருந்து இன்ஸ்டால் செய்துதான் அந்த மெயிலை அவர் படித்தார்.

இத்தகைய டிஸ்க்கில் உள்ள குறை, இன்ஸ்டால் ஆகும்போது பெரும்பாலும் தெரிவதில்லை. பிறகு ஒரு நாள் பிரிண்டர் வேலை செய்யாது, அல்லது அப்டேட் ஏறாது. நாம் பிரிண்டரையும் இண்டர்நெட் இணைப்பையும் சந்தேகப்படுவோம். டிஸ்க் பீரோவில் நிம்மதியாக இருக்கும்.

இது கத்துக்குட்டிகள் செய்யும் டிஸ்க்கில்தான் நடக்கும் என்று எண்ண வேண்டாம். விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பில் 2024 டிசம்பரில் மைக்ரோசாப்ட்டே ஒரு எச்சரிக்கை தந்தது. அந்த ஆண்டு அக்டோபர் அல்லது நவம்பர் மாத பாதுகாப்பு அப்டேட்டை உள்ளடக்கித் தயாரித்த டிவிடி அல்லது பென் டிரைவ் மூலம் விண்டோஸை இன்ஸ்டால் செய்திருந்தால், அந்தக் கம்ப்யூட்டர் அதன் பிறகு வரும் பாதுகாப்பு அப்டேட்டுகளை ஏற்காமல் போகலாம் என்று சொன்னது. டிசம்பர் மாத அப்டேட் சேர்த்துப் புதிதாகத் தயாரித்த டிஸ்க்கைக் கொண்டு மீண்டும் இன்ஸ்டால் செய்யுங்கள் என்பதே தீர்வு. ஏற்கனவே விண்டோஸ் இருந்து அதில் அப்டேட் மூலம் பெற்றவர்களுக்கு இந்தப் பிரச்னை இல்லை. அப்டேட் அதேதான், டிஸ்க்குக்குள் வைத்துத் தந்தபோது மட்டும் கோளாறு.

சரி, இப்போது இந்த டிஸ்க்குகளுக்கு ஏன் மறுபடி கிராக்கி? விண்டோஸ் 10-க்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும், 4 ஜிபி ராம் வேண்டும். பழைய கம்ப்யூட்டர் பலவற்றில் அந்த சிப் கிடையாது. எனவே சோதனையைத் தாண்டிச் செல்லும்படி மாற்றிய டிஸ்க், பாதியை வெட்டிய 'லைட்' டிஸ்க் என்று கைமாறுகின்றன. டைனி11 என்ற தயாரிப்பை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அதில் கோர் என்ற மிகச் சிறிய வகையில் பிறகு அப்டேட்டுகளையோ மொழிகளையோ சேர்க்க முடியாது என்று அதைத் தயாரித்தவரே எழுதி வைத்திருக்கிறார். சோதனை செய்து பார்ப்பவர்களுக்கானது அது. பேங்க் கணக்கு பார்க்கும் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அதைப் போட்டால் தவறு அவருடையது அல்ல.

இன்னொரு பயமும் உண்டு. 2023 ஜூனில் டாக்டர் வெப் என்ற ரஷ்ய ஆண்டிவைரஸ் நிறுவனம், டோரண்ட் மூலம் பரவிய சில திருட்டு விண்டோஸ் 10 டிஸ்க் பைல்களை ஆராய்ந்து சொன்னது. கிரிப்டோ பணம் அனுப்ப நாம் காப்பி செய்யும் முகவரியை மாற்றி, திருடனின் முகவரியை வைக்கும் வைரஸ் அவற்றில் இருந்தது. கம்ப்யூட்டர் பூட் ஆக உதவும் இஎப்ஐ என்ற மறைவான பகுதிக்குள்ளும் அது புகுந்து கொண்டது. விண்டோஸோடு சேர்ந்தே வந்த வைரஸை விண்டோஸுக்குள் உட்கார்ந்து தேடுவது சுலபமா?

எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவருடைய லேப்டாப் ஒரு நாள் பூட் ஆகவில்லை. கடையில் அவர்களுடைய ஆல் இன் ஒன் பென் டிரைவைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். எந்த டிரைவில் இன்ஸ்டால் செய்ய வேண்டும் என்று கேட்கும் திரையில் ஒன்றுமே இல்லை, காலி. "எஸ்எஸ்டி போயிடுச்சு, புதுசு போடணும், 4,500 ரூபாய்" என்று சொல்லிவிட்டார்கள். பேரனின் போட்டோக்கள் எல்லாம் அதில்தான். "தம்பி, போனது போகட்டும், அந்தப் படங்களை மட்டும் எடுக்க வழி உண்டா?" என்று கேட்டபடி வந்தார்.

பயாஸ் திரையில் பார்த்தேன். எஸ்எஸ்டியின் பெயர் தெளிவாகத் தெரிந்தது. பயாஸுக்குத் தெரியும் டிஸ்க் விண்டோஸ் செட்டப்புக்குத் தெரியவில்லை என்றால் முதல் சந்தேகம் டிரைவர் மீதுதான் வர வேண்டும். 11-வது தலைமுறை இண்டெல் பிராசசரில் இருந்து பல லேப்டாப்களில் விஎம்டி என்ற அமைப்பு இயங்குகிறது. அதற்கான இண்டெல் டிரைவர் இல்லாமல் செட்டப்பால் டிஸ்க்கைப் பார்க்க முடியாது. எக்ஸ்பி நாட்களில் சாட்டா ஹார்ட் டிஸ்க்குக்காக எப் 6 கீயை அழுத்தி பிளாப்பியில் டிரைவர் கொடுத்தோமே, அதே கதைதான். லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் இருந்து டிரைவரை எடுத்து, விரித்து, ஒரு பென் டிரைவில் போல்டராகப் போட்டு, அதே திரையில் லோட் டிரைவர் கிளிக் செய்ததும் டிஸ்க் தெரிந்தது. படங்களை எடுக்கப் போனபோது பிட்லாக்கர் கீ கேட்டது. அது சாரின் மைக்ரோசாப்ட் அக்கவுண்ட்டில் இருந்தது. படங்கள் எல்லாம் கிடைத்தன. 4,500 ரூபாயும் மிச்சம்.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கடை டிஸ்க்கில் இண்டெல் டிரைவர் இல்லாமல் இல்லை. விண்டோஸ் டிஸ்க்கில் சோர்சஸ் என்ற போல்டரில் இரண்டு மூட்டைகள் உண்டு. பூட்.விம் என்பது செட்டப்பை இயக்குவது. இன்ஸ்டால்.விம் என்பது நம் கம்ப்யூட்டரில் இறங்கப் போகும் விண்டோஸ். தயாரித்தவர் டிரைவரை இரண்டாவது மூட்டையில் மட்டும் வைத்துவிட்டார். வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டியது போல.

உங்களுக்கு இன்ஸ்டால் செய்கையில் பிரச்னை வந்தால் உடனே எதையும் விலை கொடுத்து வாங்காதீர்கள். அதே பென் டிரைவை வேறொரு கம்ப்யூட்டரில் பூட் செய்து, இன்ஸ்டால் செய்யாமல், செட்டப் திரை வரை மட்டும் போய்ப் பாருங்கள். அங்கும் தகராறு என்றால் கோளாறு பென் டிரைவில். பைல் காப்பி ஆகும்போது ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நின்றால் டிஸ்க் பைல் கெட்டிருக்கலாம். வெவ்வேறு இடங்களில் நின்றால் ராமைச் சோதியுங்கள். டிஸ்க் பைலை நீங்களே பென் டிரைவில் இழுத்துப் போட்டிருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். பேட் 32 முறையில் பார்மட் செய்த பென் டிரைவில் 4 ஜிபி அளவைத் தாண்டும் பைல் ஏறாது. அப்டேட்டுகளைச் சேர்க்கச் சேர்க்க இன்ஸ்டால்.விம் பைல் அந்த எல்லையைத் தாண்டிவிடும்.

இதை எல்லாம் விட எளிய வழி ஒன்று உண்டு. காலியான 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றை எடுத்து, மைக்ரோசாப்ட் தளத்தில் கிடைக்கும் மீடியா கிரியேஷன் டூல் கொண்டு நீங்களே தயாரியுங்கள். அந்த பென் டிரைவில் இருப்பது அழிந்துவிடும், கவனம். எக்ஸ்பி காலம் போல நூறு அப்டேட்டுகளை ஒவ்வொன்றாகப் போடும் தொல்லை விண்டோஸ் 10, 11-ல் இல்லை. ஒவ்வொரு மாத அப்டேட்டிலும் முந்தைய மாதங்களில் வந்தவையும் சேர்ந்தே வருகின்றன. எனவே இன்ஸ்டால் செய்தபின் பெரிய அப்டேட் ஒன்று இறங்கினால் அநேகமாக வேலை முடிந்தது. ஐஎஸ்ஓ பைலாக டவுன்லோட் செய்பவர்கள் அதே பக்கத்தில் தரப்பட்டிருக்கும் எஸ்எச்ஏ 256 எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். செவன் ஜிப் புரோகிராம் இருந்தால் பைல் மீது ரைட் கிளிக் செய்தே அந்த எண்ணைப் பெறலாம். ஓர் எழுத்து மாறினாலும் அந்த பைல் வேண்டாம்.

ஏற்கனவே கடை டிஸ்க்கில் இருந்து இன்ஸ்டால் செய்துவிட்டீர்களா? செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பகுதிக்குச் சென்று, கடைசியாக எந்த மாத அப்டேட் ஏறியது என்று பாருங்கள். விண்டோஸ் செக்யூரிட்டி திறக்கிறதா என்றும் பாருங்கள். அப்டேட் மாதக்கணக்கில் நின்றிருந்தால், அல்லது செக்யூரிட்டியே காணோம் என்றால், அதைச் சரிசெய்ய யூட்யூப் பார்த்து நாட்களை வீணாக்க வேண்டாம். போட்டோ, டாக்குமெண்ட்டுகளை வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்துவிட்டு, நீங்கள் தயாரித்த பென் டிரைவில் பூட் செய்து, பழைய பகுதிகளை நீக்கிப் புதிதாக இன்ஸ்டால் செய்திடுங்கள். லைசென்ஸ் உண்மையானதாக இருந்து, அதே ஹோம் அல்லது புரோ பதிப்பைத் தேர்ந்தெடுத்தால் விண்டோஸ் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். ஆகவில்லை என்றால், கடையில் விண்டோஸுக்கு என்று பில்லில் பணம் வாங்கியிருக்கிறார்களா என்று எடுத்துப் பாருங்கள்.