கட்டையை ஜிகினா என்போருக்கு

வேலூர், ஆம்பூர் என்றதும் நம் இலக்கியவாதிகளுக்குத் தோல் பதனிடும் ஆலைகளும் பிரியாணியும் பாழான பாலாறும்தான் நினைவுக்கு வருகின்றன. இதே பழைய வட ஆர்க்காட்டு மண்ணில், திரௌபதியம்மன் கோயில் திடல்களில் பாரதக் கூத்து விடிய விடிய ஆடப்படுவதையோ, கூத்தரின் அணிகள் மரச்சிற்பங்கள் என்பதையோ எவரும் பொருட்படுத்துவதில்லை. 'ஜிகினா வேலை' என்று முடித்துவிடுகிறார்கள். அதே நண்பர்கள்தாம் மேற்கு ஆப்பிரிக்கச் செனுஃபோ மக்களின் மரச்சிற்பங்களை வழவழப்பான நூல்களில் கண்டு மெய்சிலிர்க்கிறார்கள்!

எடை குறைந்த கல்யாண முருங்கை மரத்தைச் செதுக்கி, வண்ணத்தாளும் கண்ணாடிச் சில்லும் பதித்துச் செய்யப்படும் கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமுமே 'கட்டை'. எல்லா வேடத்துக்கும் அது வாய்ப்பதில்லை. கட்டியங்காரனுக்குக் கிடையாது, துரியோதனனுக்கும் கர்ணனுக்கும் உண்டு. மாலையில் நம்மோடு தேநீர் அருந்திய மனிதர் கட்டை கட்டித் திரை விலக்கி வரும்போது ஊர் அவரைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. படுகளத்தில் மண்ணாலான துரியோதனன் நீட்டிக் கிடக்க, வீம வேடக்காரர் அவன் தொடையைப் பிளக்கிறாரே, அப்போது அவர் மேல் இருப்பது வெறும் அலங்காரமா?

செனுஃபோவினரிடமும் இப்படித்தான். போரோ என்னும் அவர்களது மறைச்சங்கத்தார், மூத்தோரின் இறுதிச் சடங்கில் பெண்ணுருவச் சிற்பங்களைத் தூக்கி நிலத்தில் இடித்தபடி நடந்தனர். 1950களில் மாசா என்னும் புதிய வழிபாடு பரவியபோது பல சிற்பங்கள் கைவிடப்பட்டன; பல, சேகரிப்பாளர் கைக்குப் போயின. 1963இல் நியூயார்க்கில் செனுஃபோ சிற்பங்களுக்கென்றே கண்காட்சி நடந்தது. நண்பர்கள் வியப்பது ஆளையும் ஆட்டத்தையும் இழந்த மரத்தை.

1990இல் காஞ்சிபுரத்தில் கூத்தர்களுக்கென அமைந்த சங்கம் 'கட்டைக்கூத்து' என்ற பெயரைத் தன் பெயரில் ஏற்றது. (புரிசையார் தெருக்கூத்து என்றே வழங்குகிறார்கள், அது அவர்கள் உரிமை.) மரத்தின் பெயரால் கலையை அழைப்பதில் எங்களுக்கு உடன்பாடே.

அருங்காட்சியகத்தில் கட்டையை வைக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. வைப்பதானால் 'நாட்டுப்புறக் கைவினை' என்ற அட்டை வேண்டாம். செதுக்கியவர் யார், கட்டி ஆடியவர் யார், எந்த ஊர்த் திடலில், எந்த வேடத்துக்கு என்று எழுதுங்கள்.