கரும்பு கொடுத்தவர் ஏன் கடைசி வரிசையில்?

புளியங்குடியில் எலுமிச்சை கொண்டுவருபவருக்கு ஒரு கமிஷன் கடையில் விலை கட்டுப்படியாகவில்லை என்றால், மூட்டையை அடுத்த கடைக்கு எடுத்துப்போகலாம். கரும்பு போட்டவருக்கு அந்த வசதி இல்லை. ஆலையில் பதிந்த கரும்பை வெட்டு உத்தரவு வந்த பிறகுதான் வெட்ட முடியும். வெட்டிப் போட்டால் நாளுக்கு நாள் எடையும் குறையும், சர்க்கரைச் சத்தும் இறங்கும். பணத்தை 14 நாளில் தர வேண்டும், தவறினால் 15 சதவீத வட்டி என்று 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. ஆலை நொடித்துவிட்டால் இந்த ஆணைக்கு வலு எங்கே?

பக்கத்து வாசுதேவநல்லூரில் ஆலை நடத்திய தரணி சுகர்ஸின் பெயர் திவால் சட்டப் பாடங்களில் இருக்கிறது. 2,000 கோடி ரூபாயும் அதற்கு மேலும் கடனுள்ள நிறுவனங்கள் 180 நாளில் தீர்வு காணாவிட்டால் திவால் நடவடிக்கை எடுக்கச் சொன்ன ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையை, உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரல் 2 அன்று ரத்து செய்த வழக்கு அதன் பெயரில்தான் அறியப்படுகிறது. 2021இல் அந்த நிறுவனமே திவால் நடைமுறைக்குள் வந்தது. 2016ஆம் ஆண்டின் திவால் சட்டப்படி, கடன் கொடுத்தோர் குழுவில் வங்கிகளுக்கு ஓட்டு உண்டு. சரக்கு கொடுத்துவிட்டுப் பாக்கிக்குக் காத்திருக்கும் விவசாயிக்கு இல்லை. நடைமுறை தொடங்கியதும் வசூல் நடவடிக்கைகளும் நின்றுவிடும். ஆலையை விற்றுப் பங்கிட்டால் வங்கி, தொழிலாளர், அரசு எல்லாரும் எடுத்தது போக மிஞ்சியதுதான் விவசாயிக்கு. அந்தப் பங்குக்குக் குறையாமல் தரவேண்டும் என்று 2019 திருத்தம் உறுதி தருகிறது. வங்கிக் கடனுக்கே சொத்து போதாத ஆலையில் அந்த உறுதியின் மதிப்பு பூஜ்யம். அதனால் கரும்புப் பாக்கிக்கு முன்னுரிமையும் விவசாயிக்கு ஓட்டும் வேண்டும்.

சரக்கு கொடுத்த எல்லாரும் இப்படித்தானே நிற்கிறார்கள், கரும்புக்கு மட்டும் ஏன் சலுகை என்று கேட்கலாம். லாரிக்காரரும் உதிரிபாகக்காரரும் பாக்கி ஏறினால் கொடுக்கல் வாங்கலை நிறுத்திக்கொள்ள முடியும். பத்து, பன்னிரண்டு மாதம் வளர்த்த பயிரை அப்படி நிறுத்த முடியாது. அவர் கொடுத்தது கட்டாயக் கடன். முன்னுரிமை தந்தால் ஆலைகளுக்கு வங்கிகள் கடன் தராது என்பது அடுத்த வாதம். இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. கடன் சற்றுச் சுருங்கலாம், வட்டி ஏறலாம். ஆனால் கரும்புப் பாக்கியை முதலில் கணக்கிட்டுக் கடன் தரும் வங்கி, ஆலையின் உண்மையான நிலையைத் தெரிந்துகொண்டு தருகிறது. ஆயிரக்கணக்கான விவசாயிகளைக் குழுவில் எப்படி உட்காரவைப்பது என்ற கேள்விக்கு விடை முன்பே கிடைத்துவிட்டது. முன்பணம் கட்டி வீடு கிடைக்காதவர்களை 2018 திருத்தம் வங்கிகளுக்கு இணையான கடன்காரர்களாக்கியது. அவர்கள் சார்பில் ஒரு பிரதிநிதி ஓட்டுப் போடுகிறார். உச்ச நீதிமன்றம் அதை 2019இல் ஏற்றது.

மாநிலச் சட்டமே முன்னுரிமை தந்தால் போதாதா? குஜராத் அரசின் வரிச் சட்டம் வரிப் பாக்கிக்கு முதல் உரிமை தந்திருந்ததால், அந்த அரசைப் பிணையுள்ள கடன்காரராக உச்ச நீதிமன்றம் 2022இல் ஏற்றது. மறு ஆண்டே வேறொரு அமர்வு, அந்தத் தீர்ப்பு அந்த வழக்கோடு நிற்கும் என்றது. எனவே மாநிலச் சட்டத்தை மட்டும் நம்ப முடியாது. வீடு வாங்கியவருக்குச் செய்த திருத்தத்தைக் கரும்பு விவசாயிக்கும் நாடாளுமன்றம் செய்ய வேண்டும். பாக்கியுடன் 15 சதவீத வட்டியும் அதில் சேர வேண்டும்.