பற்றவைப்புச் சொற்களில் ஒருமை வேண்டும்

பாலத்தின் விட்டமாயினும், கொதிகலனின் சுவராயினும், இரயில் பெட்டியின் சட்டமாயினும், எஃகுத் தகடுகளை ஒன்றாக இணைப்பது இன்று பெரும்பாலும் மின்வில் பற்றவைப்பே ஆகும். பெரம்பூரில் 1955-இல் திறக்கப்பெற்ற இரயில் பெட்டித் தொழிற்சாலையும், அதன்பின் திருச்சிராப்பள்ளியில் எழுந்த கொதிகலன் தொழிற்சாலையும் இத்தொழிலில் தேர்ந்த பலரை உருவாக்கின. அவர்தம் கைத்திறன் வளர்ந்த அளவுக்கு அத்தொழிலின் தமிழ்ச் சொற்கள் வரையறை பெறவில்லை. இது மொழியழகைப் பற்றிய குறை மட்டும் அன்று. கட்டுமானத்தின் வலிமையைப் பற்றிய குறையுமாகும்.

முதற்கண் இணைப்பு வேறு, பற்றவைப்பு வேறு என்பது தெளிவாதல் வேண்டும். இரு தகடுகள் எவ்வாறு பொருந்தி நிற்கின்றன என்பதைக் குறிப்பது இணைப்பு. முனையோடு முனை பொருந்துவது, ஒன்றன்மேல் ஒன்று படிவது, 'டி' எழுத்துப்போல் நிற்பது, மூலையாகக் கூடுவது, விளிம்புகள் ஒட்டி நிற்பது என அது ஐவகைப்படும். அவற்றை ஒன்றாக்கும் உலோகத்தின் வடிவைக் குறிப்பது பற்றவைப்பு. ஏறத்தாழச் செங்கோணத்தில் கூடும் இரு பரப்புகளின் இடையே முக்கோண வடிவில் உலோகம் படிந்தால் அது ஃபில்லட். தகடுகளின் இடையே அமைந்த பள்ளத்தில் உலோகம் நிரம்பினால் அது குரூவ். பட்டறைகளில் பின்னதைப் 'பட் வெல்டு' என்றே கூறுவர். ஆனால் 'டி' இணைப்பிலும் தகட்டின் விளிம்பைச் சரித்து, பள்ளத்தை நிரப்பிப் பற்றவைப்பது உண்டு. இணைப்பின் பெயரையே பற்றவைப்புக்கும் சூட்டினால், அவ்விடத்தில் ஃபில்லட் போதுமென்று தொழிலாளி கருத இடம் உண்டாகிறது.

அளவைக் குறிக்கும் சொற்களில் பிழை இன்னும் கொடிது. ஃபில்லட்டின் வேரிலிருந்து அதன் விளிம்புவரை தகட்டின்மீது அளப்பது கால் நீளம். வேரிலிருந்து முக்கோணத்தின் நீண்ட பக்கத்துக்குச் செங்குத்தாக அளப்பது தொண்டை. இரு கால்களும் சமமாயின், தொண்டை கால் நீளத்தில் சுமார் 0.7 பங்கு. பன்னாட்டுத் தர முறையில் வரைபடத்தில் 'ஏ' என்னும் எழுத்துத் தொண்டையையும், 'இசட்' என்பது கால் நீளத்தையும் குறிக்கும். தொண்டை 6 மி.மீ. என்று கேட்ட வரைபடத்துக்குக் கால் நீளம் 6 மி.மீ. வைத்தால் கிடைக்கும் தொண்டை 4.2 மி.மீ.தான், வலிமையில் பத்தில் மூன்று பங்கு குறைந்துவிடும். மாறாக, கால் நீளம் 6 மி.மீ. போதுமான இடத்தில் அதையே தொண்டை எனக் கொண்டால், கால் 8.5 மி.மீ. ஆகி இருமடங்கு உலோகம் செலவாகும். மிகுந்த வெப்பத்தால் தகடும் கோணும். இவ்விரண்டுக்கும் 'சைஸ்' என்ற ஒரே சொல்லை வழங்குவது எத்துணை இடர் என்பதை இக்கணக்கே காட்டும்.

தமிழுக்கே உரிய இடர் ஒன்றும் உண்டு. 'கால்' என்பது உறுப்பையும் குறிக்கும், நாலில் ஒரு பங்கையும் குறிக்கும். அங்குலக் கணக்கு முற்றிலும் மறையாத பட்டறையில் 'கால் அங்குலம்' என்றால் எதைக் கொள்வது? ஆதலின் 'கால் நீளம்' என முழுமையாகவே எழுதுதல் நன்று. அவ்வாறே ஃபில்லட்டை 'மூலைப் பற்றவைப்பு' எனப் பெயர்த்தால் அது மூலை இணைப்போடு மயங்கும். குரூவுக்கோ தச்சர் வழங்கும் 'காடி' என்னும் சொல் இயல்பாகப் பொருந்துகிறது. காடியின் அடியாகிய வேர் கண்ணுக்குப் புலப்படாதது. உலோகம் அதுவரை ஊடுருவாவிடின், மேற்பரப்பு எவ்வளவு அழகாயிருப்பினும் இணைப்பு அரைகுறையே. எனவே 'முழு ஊடுருவல்', 'பகுதி ஊடுருவல்' என்னும் வேறுபாடும் பயிற்சி நூல்களில் தவறாது இடம்பெற வேண்டும்.

1961-இல் மத்திய அரசு அமைத்த அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம், அனைத்துலக வழக்குச் சொற்களை இயன்றவரை ஒலிபெயர்த்துக் கொள்ளவும், கருத்தை உணர்த்தும் சொற்களை மொழிபெயர்க்கவும் நெறி வகுத்தது. அந்நெறி இங்கு நன்கு பொருந்தும். 'ஃபில்லட்' பட்டறையில் வேரூன்றிய சொல், அது நிலைக்கட்டும். வேர், முகம், தொண்டை, கால் நீளம், காடி ஆகியவை கேட்ட அளவில் பொருள் விளங்கும் சொற்கள். அவை தமிழிலேயே வழங்கட்டும். ஆங்கிலத்தில் இத்துறைக்கென ஐ.எஸ். 812 என்னும் கலைச்சொல் தரம் 1957-லேயே வெளிவந்துவிட்டது. தொழிற்பயிற்சி நிலையத்தில் ஒரு சொல்லும், பாடநூலில் வேறொரு சொல்லும், தேர்வுத்தாளில் மூன்றாவது சொல்லும் வழங்கும் நிலை தமிழில் நீடித்தல் ஆகாது. ஆசிரியர், பொறியாளர், பட்டறை மேற்பார்வையாளர் மூவரும் கூடி, ஒவ்வொரு சொல்லுக்கும் படம் வரைந்து, அளவைச் சுட்டி, ஒரே பட்டியலாக வெளியிடுவதே முதற்கடமை ஆகும்.