காசு நம்மது, சாவி யாரிடம்?



ஒரு சின்ன வேலை. கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸைத் திறந்து ஆப்ஸ் பட்டியலுக்குப் போங்கள். நீங்கள் இறக்காத, ஒருநாளும் தொடாத செயலிகள் எத்தனை கிடக்கின்றன? ஒன்றை நீக்கிப் பாருங்கள். பலவற்றில் 'அன்இன்ஸ்டால்' என்பதே இருக்காது, 'டிஸேபிள்' மட்டும்தான் இருக்கும். முடக்கி வைக்கலாம், தூக்கி எறிய முடியாது. மாசாமாசம் தவணை கட்டுறது நாம, உள்ளே யார் இருக்கணும்னு முடிவு பண்றது இன்னொருத்தன்!

இதைத் தட்டிக்கேட்க ஒரு உத்தரவு வந்தது. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. ஊடகங்கள் அந்தத் தொகையைத்தான் பேசின. நமக்கு முக்கியம் தொகை அல்ல, கூடவே வந்த கட்டளைகள். முன்கூட்டியே ஏற்றிவைத்த தன் செயலிகளைப் பயனர் நீக்குவதை கூகுள் தடுக்கக்கூடாது என்பது அதில் ஒன்று.

பிறகு என்ன ஆச்சு? 2023 மார்ச்சில் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்துவிட்டு, நான்கு கட்டளைகளை மட்டும் ரத்து செய்தது. அந்த நான்கில் இதுவும் ஒன்று. அபராதப் பணம் கஜானாவுக்கு. நமக்கு அதே டிஸேபிள் பட்டன்.

சரி, கம்பெனிக்காரன் அப்படித்தான் இருப்பான், அரசு நம்ம பக்கம் நிற்கும் என்று நினைத்தால், ஒன்றிய அரசு செய்ததைப் பாருங்கள். 2025 நவம்பர் 28 தேதியிட்ட உத்தரவில், புதிதாக விற்கும் எல்லா போனிலும் 'சஞ்சார் சாத்தி' செயலியை ஏற்றியே தரவேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை சொன்னது. 90 நாள் கெடு. அதன் செயல்பாடுகளை முடக்கவோ கட்டுப்படுத்தவோ கூடாது என்றும் அதில் இருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும், "வேண்டாம் என்றால் நீக்கிக்கொள்ளலாம்" என்றார் அமைச்சர் சிந்தியா. டிசம்பர் 3 அன்று உத்தரவே வாபஸ்.

திருட்டுப்போன போனை முடக்க அந்தச் செயலி உதவும். அதை மறுக்கவில்லை. நல்ல செயலி என்றால் மக்கள் தாங்களே இறக்கிக்கொள்வார்கள். கேட்காமல் வீட்டுக்குள் வந்து உட்காருகிறவர் போலீஸ்காரராகவே இருந்தாலும், "யாருங்க நீங்க?" என்று கேட்கத்தானே செய்வோம்?

"அட, ஒரு செயலிதானே, கிடந்துட்டுப் போகட்டும்" என்பவர்கள் நயாரா கதையைக் கேளுங்கள். குஜராத்தின் வாடினாரில் பெரிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வைத்திருக்கும் நிறுவனம் அது. அதில் ரஷ்யாவின் ரோஸ்நெஃப்டுக்குப் பங்கு இருப்பதால், 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் அதன் மீது தடை போட்டது. உடனே மைக்ரோசாப்ட், அந்த நிறுவனம் காசு கொடுத்து வாங்கியிருந்த சேவைகளை நிறுத்தியது. தடை போட்டது ஐரோப்பா, கம்பெனி அமெரிக்கா, கை கட்டி நின்றது இந்திய அலுவலகம்! டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்ட பிறகுதான் சேவை திரும்ப வந்தது. அவர்களிடம் வக்கீல் வைக்கப் பணம் இருந்தது. ஈரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருப்பவரின் கணக்கை ஒருநாள் இப்படிப் பூட்டினால் அவர் எந்தக் கோர்ட்டுக்குப் போவார்?

மாற்று இல்லையா? பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். அங்கே அரசுப் பள்ளிக் கணினிகளில் ஓடுவது கட்டற்ற மென்பொருள். கைட் என்ற அரசு நிறுவனமே உபுண்டுவை எடுத்து, பள்ளிகளுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிறது. எந்த வெளிநாட்டு கம்பெனியும் அதை வெளியிலிருந்து பூட்ட முடியாது.

நாம் கேட்பது இதுதான். போன் இயங்குவதற்குத் தேவையில்லாத எந்தச் செயலியையும், அது கூகுளுடையதோ அரசுடையதோ, முழுமையாக நீக்கும் உரிமையைச் சட்டமாக்கு. காசு கொடுத்து வாங்கிய சேவையை இந்திய நீதிமன்ற உத்தரவு இல்லாமல் எவரும் நிறுத்தக்கூடாது என்று எழுது. நம் வரிப்பணத்தில் வாங்கும் அரசுக் கணினிகளில் கட்டற்ற மென்பொருளுக்கு முதலிடம் கொடு.

உங்கள் போனில் நீக்க முடியாத செயலிகளின் ஸ்கிரீன்ஷாட்டைக் கமெண்டில் போடுங்கள். உங்கள் தொகுதி எம்.பி.யையும் டேக் பண்ணுங்கள். அடுத்த நாடாளுமன்றக் கூட்டத்தொடருக்குள் அவர் பதில் சொல்லட்டும்.

#என்போன்_என்உரிமை