செத்தவர் போட்ட கையெழுத்து

என் பெரியம்மா முப்பத்தொரு வருடம் கணக்கு டீச்சராக இருந்தார். தென்மாவட்டம் ஒன்றில் அரசு உதவிபெறும் பெண்கள் பள்ளி. அவர் கன்னியாஸ்திரி என்பதால் எங்கள் வீட்டில் அவருக்கு 'சிஸ்டர் பெரியம்மா' என்று பெயர். மே மாதம் ஒரு வாரம் அனுமதி வாங்கிக்கொண்டு ஆவடிக்கு வருவார். அப்பாவுக்கு டாங்க் ஃபேக்டரியில் வேலை, எஸ்டேட் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். நான் பத்தாவது எழுதிய வருடம், அப்பா சம்பளக் கவரை அம்மா கையில் கொடுப்பதைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு எவ்வளவு சம்பளம் பெரியம்மா?" என்று கேட்டேன்.

"ரெவின்யூ ஸ்டாம்ப் மேல கையெழுத்துப் போடற வரைக்கும் தெரியும்டி. அதுக்கப்புறம் தெரியாது" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நாங்களும் சிரித்தோம்.

2024 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. அரசு உதவிபெறும் பள்ளி கல்லூரிகளில் பணியாற்றும் கத்தோலிக்கத் துறவியர், குருக்கள் ஆகியோரின் சம்பளத்தில் வருமான வரி பிடித்தம் செய்யலாம் என்று சொல்லி, தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் போன தொண்ணூறுக்கும் மேற்பட்ட மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. மறுநாள் காலை ஆவடி மின்சார ரயிலில் நின்றுகொண்டே செய்தியை வாசித்தேன். வரியைப் பற்றிய பகுதி எனக்குப் பெரிதாகப் படவில்லை. நம் தரப்பு என்ன வாதாடியது என்று எழுதியிருந்த பத்தியில்தான் கண் நின்றது. ஏழ்மை வாக்குக் கொடுத்த துறவி, திருச்சபைச் சட்டப்படி 'சிவில் டெத்' அடைந்தவர். அதாவது குடிமை வாழ்வில் இறந்துபோனவர். இறந்தவருக்கு வருமானம் ஏது? சம்பளம் சபைக்கே உரியது, ஆகவே வரி கிடையாது.

வாதம் புதிதல்ல. துறவிகள் தங்கள் வருமானத்தைச் சபைக்கே ஒப்படைப்பதால் வரி வேண்டாம் என்று 1944இலேயே வெள்ளைக்கார அரசின் சுற்றறிக்கை இருந்தது. அந்த வழக்கம் எழுபது வருடம் ஓடியது. பிறகு வருமான வரித்துறை பிடித்தம் செய்யச் சொன்னது. மறைமாவட்டங்களும் துறவற சபைகளும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயின. தனி நீதிபதியிடம் வெற்றி. 2019 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. சம்பளம் ஆசிரியரின் பெயரில் வருகிறது, வந்தபின் அவர் யாருக்குக் கொடுக்கிறார் என்பது வேறு விஷயம், திருச்சபைச் சட்டம் வருமான வரிச் சட்டத்தை மீற முடியாது என்பதே அதன் சாரம். உச்ச நீதிமன்றத்திலும் அதுவே நின்றது. விபத்தில் இறந்த துறவிக்கான இழப்பீட்டில் பெற்றோருக்கு உரிமையில்லை, சபைக்கே உரிமை என்ற கேரளத் தீர்ப்புகளையும் நம் தரப்பு எடுத்துவைத்துப் பார்த்தது.

பெண்கள் வருமான வரி கட்டுவதைக் கொண்டாட நான் வரவில்லை. அரசுக்கு வேண்டியது பணம், என் பெரியம்மாவின் ஆளுமை அல்ல. அந்தப் பணத்தில்தான் விடுதிகளும் முதியோர் இல்லங்களும் நடக்கின்றன என்பதும் எனக்குத் தெரியும். என் கேள்வி ஒன்றுதான். இத்தனை நீதிமன்றப் படி ஏறி, ஆயிரக்கணக்கான பெண்களைச் செத்தவர்கள் என்று நிரூபிக்க ஒரு திருச்சபை பாடுபட்டதே, அதில் யாருக்கும் நாக்குக் கூசவில்லையா?

சம்பளப் பட்டியலில் அவர் உயிரோடு இருக்கிறார். பணியிடம் நிரப்ப அனுமதி கேட்டு மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு எழுதும் கடிதத்தில் உயிரோடு இருக்கிறார். பான் கார்டு, ஆதார் எல்லாம் உண்டு. தேர்தல் நாளில் வரிசையில் நின்று மைவைத்துக்கொண்டு வருகிறார், 'தவறாமல் வாக்களியுங்கள்' என்று மறையுரையில் நாம் சொல்வதைக் கேட்டுத்தான் போகிறார். பணம் கைக்கு வரும் அந்த ஒரு நிமிடம் மட்டும் செத்துவிட வேண்டும்.

பெண்ணைச் செத்தவளாகக் கணக்கெழுதுவது தமிழ் படித்த எனக்குப் புதிதில்லை. கைம்மை என்ற ஒரு சொல்லுக்குள் உயிரோடிருக்கும் எத்தனை பேரைப் புதைத்திருக்கிறோம் என்று வகுப்பில் வருடந்தோறும் சொல்லிக்கொடுக்கிறேன். இங்கிலாந்தின் பழைய சட்டத்தில் மணமான பெண்ணுக்குத் தனி ஆளுமை கிடையாது, சம்பாத்தியம் கணவனுக்கு. அதை மாற்ற அங்கே போராட்டம் நடந்துகொண்டிருந்தபோதே இந்தியாவில் 1874இல் மணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டம் வந்தது. இந்து, முஸ்லிம், பௌத்த, சீக்கிய, சமணப் பெண்களை அது தொடவில்லை. பெரும்பாலும் பயன்பட்டது கிறிஸ்தவப் பெண்களுக்குத்தான். மனைவி உழைத்துச் சம்பாதித்த கூலி அவளுடைய தனிச்சொத்து என்று அந்தச் சட்டம் சொன்னது. நூற்றைம்பது வருடத்துக்கு முன் கிறிஸ்தவ மனைவிக்குக் கிடைத்தது, கிறிஸ்துவின் மணவாட்டி என்று நாம் போற்றும் பெண்ணுக்கு இன்றும் இல்லை.

'அவர்கள் மனமுவந்து கொடுத்த வாக்கு அது' என்பார்கள். வாக்கை நான் மதிக்கிறேன். ஏழ்மையைத் தேர்ந்துகொள்வது பெரிய காரியம். ஆனால் கொடுப்பவர் உயிரோடு இருந்தால்தானே அது கொடை? 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பைப் புரட்டிப் பாருங்கள். துறவி உழைத்துப் பெறுவது எதுவும் சபைக்கே என்கிறது 668ஆம் எண். ஓய்வூதியமும் காப்பீடும்கூட அதில் அடக்கம். சபையை விட்டு வெளியேறினால் செய்த வேலைக்காக எதையும் கேட்க முடியாது என்கிறது 702. அடுத்த வரியிலேயே, வெளியேறுபவரிடம் நீதியோடும் அன்போடும் நடந்துகொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. முதல் வரி சட்டம், இரண்டாவது வரி தலைவியின் மனநிலை. இதில் இன்னொன்று. மறைமாவட்டக் குருக்கள் ஏழ்மை வாக்குக் கொடுப்பதே இல்லை. அவர்கள் சொத்து வைத்துக்கொள்ளலாம், அப்பா எழுதிவைத்த வீட்டை வாங்கிக்கொள்ளலாம்.

என் அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை என்றபோது பெரியம்மா மூவாயிரம் ரூபாய் கேட்டு எழுதினார். அப்போது அவர் ஓய்வு பெற்றிருந்தார், மாதாமாதம் ஓய்வூதியம் வந்துகொண்டிருந்தது. தங்கைக்காக ஜெபிக்கிறோம் என்று பதில் வந்தது. அவரே அதை எங்களுக்குப் படித்துக்காட்டினார். ஏடிஎம் கார்டு அவர் பெயரில், இருப்பது வேறொருவர் மேசை இழுப்பறையில். நியாயமாக இதையும் சொல்ல வேண்டும்: கடைசி இரண்டு வருடம் படுக்கையில் கிடந்தவரை அந்தச் சிஸ்டர்கள் கண்போல் பார்த்துக்கொண்டார்கள். எந்த மகளும் அப்படிப் பார்க்க மாட்டாள், நான் உட்பட.

நம் திருச்சபைக்கு அரசிடம் பேசத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. 2007இல் பிற்படுத்தப்பட்டோருக்கான 30 விழுக்காட்டுக்குள் முஸ்லிம்களுக்கு 3.5, கிறிஸ்தவர்களுக்கு 3.5 என்று அன்றைய கலைஞர் அரசு தனி ஒதுக்கீடு தந்தது. பொதுவான பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் போட்டியிட்டபோது கிடைத்ததைவிட இதில் குறைவாகக் கிடைக்கிறது என்று நம் தலைவர்கள் கண்டுபிடித்தார்கள். ஒரே வருடத்தில், வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தார்கள். கொடுத்த சலுகையைக் கணக்குப் பார்த்து அரசையே திரும்ப வாங்கிக்கொள்ள வைத்த சமூகம் இது. தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதியில் சேர்க்கக் கோரி 2023 ஏப்ரல் 19 அன்று சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது என்றால் அதன் பின்னால் பல்லாண்டு மனுக்களும் ஆகஸ்ட் 10 கறுப்பு நாள் ஊர்வலங்களும் இருக்கின்றன. 1950 குடியரசுத் தலைவர் ஆணை சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் திருத்தப்பட்டது, நமக்கு மட்டும் இல்லை. அந்தக் கோரிக்கை நூறு சதவீதம் நியாயம். எங்கள் பகுதியில் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அதற்குக் கையெழுத்து வாங்க மேசை போட்டார்கள். மேசையில் உட்கார்ந்தது, அன்பியம் அன்பியமாக வீடேறிப் போனது எல்லாம் பெண்கள். பிறகு மனு கொடுக்கப் போனவர்களின் புகைப்படம் வாட்ஸாப்பில் வந்தது. வெள்ளை அங்கிகள், இரண்டு சட்டை பேண்ட். சேலை ஒன்றுகூட இல்லை. கையெழுத்துக்கு நாங்கள், பேச்சுக்கு அவர்கள்.

ஆட்கள் இல்லாதது வெறும் புகைப்படக் குறையல்ல. ஆட்கள் இல்லாதபோது சில வரிகள் கண்ணில் படாமல் போகின்றன. 2002 அக்டோபரில் ஜெயலலிதா அரசு கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்தபோது நான் எம்.ஏ. மாணவி. அக்டோபர் 24 அன்று சிறுபான்மைக் கல்வி நிறுவனங்களை மூடிப் போராடினோம். பெருமையாக இருந்தது. 2004 மக்களவைத் தேர்தல் தோல்விக்குப் பிறகு அரசு சட்டத்தை விலக்கிக்கொண்டது, நாம் வென்றோம். அந்தச் சட்டத்தில் தண்டனை மூன்று வருடம்வரை சிறை. மாற்றப்பட்டவர் சிறார், பெண், பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் என்றால் நான்கு வருடம்வரை. ஒரிசாவின் 1967 சட்டத்திலிருந்தே தொடரும் அடுக்கு அது. வயது வந்த பெண்ணும் பத்து வயதுக் குழந்தையும் சட்டத்தின் கண்ணில் ஒரே புத்தி உள்ளவர்கள். அன்று நான் கேட்ட மேடைப் பேச்சுகளில் மதச் சுதந்திரம் இருந்தது, அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவு இருந்தது. 'என் மனசை ஏமாற்ற முடியும் என்று எப்படிச் சொல்கிறாய்?' என்று கேட்க ஒரு பெண் இல்லை. நானும் கேட்கவில்லை. இருபது வயதில் எனக்கும் அந்த வரி உறைக்கவில்லை.

2025 ஜூலையில் சத்தீஸ்கரின் துர்க் ரயில் நிலையத்தில் இரண்டு கன்னியாஸ்திரிகளை ஆள்கடத்தல், மதமாற்றம் என்று சொல்லிப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். கூட வந்த மூன்று பழங்குடி இளம்பெண்கள் விருப்பத்தோடுதான் வேலைக்குப் போனார்கள். நாடெங்கும் பதறினோம், பதறவேண்டியதுதான். அப்போது நாம் முன்வைத்த சான்றுகளில் ஒன்று பெற்றோர் எழுதிக்கொடுத்த சம்மதக் கடிதம். பதினெட்டு தாண்டிய பெண் ரயிலேற அப்பன் கடிதம் எதற்கு? அந்த மாநிலத்துச் சூழலில் பாதுகாப்புக்கு வாங்கியிருப்பார்கள், புரிகிறது. ஆனால் அதையே நியாயமாகவும் உரத்துச் சொன்னோமே. பெண்ணின் சொல் போதாது என்பதில் பஜ்ரங்தள்காரனுக்கும் நமக்கும் எந்த இடத்தில் வேறுபாடு என்று அந்த வாரம் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் நண்பரான ஒரு பாதரிடம் சொன்னேன். "டீச்சர், நீங்க சொல்றது சரி. ஆனா நேரம் சரியில்ல. வெளிய ஓநாய் நிக்குது, வீட்டுக்குள்ள சண்டை போடலாமா?" என்றார். அவர் நல்லவர், அந்தப் பயமும் பொய்யில்லை. ஆனால் எனக்கு விவரம் தெரிந்து அந்த நேரம் ஒருமுறைகூடச் சரியாக இருந்ததில்லை. 2002இலும் ஓநாய் நின்றது. கண்டமால் எரிந்த 2008இலும் நின்றது. ஓநாயைக் காட்டிப் பெண்ணை வாய்மூடச் சொல்வது எல்லா மதத்து ஆண்களும் கற்றுவைத்திருக்கும் வித்தை. அதோடு, வெளியே நிற்பவன் நம்மிடம் கேட்கும் முதல் கேள்வி 'உங்கள் பெண்களை நீங்கள் எப்படி நடத்துகிறீர்கள்?' என்பதுதான். அதற்குப் பதிலாகக் 'குடிமை மரணம்' என்ற வாதத்தை நீதிமன்ற ஏட்டில் நாமே எழுதிக்கொடுத்திருக்கிறோம்.

இந்திய ஆயர் பேரவை 2010இல் பாலினக் கொள்கை என்று ஓர் ஆவணம் வெளியிட்டது. நல்ல ஆவணம், முடிவெடுக்கும் இடங்களில் பெண்கள் வேண்டும் என்கிறது. தமிழக ஆயர்களிடம் நான் கேட்பது அதைவிடச் சிறியது. இனி கோட்டைக்குப் போகும் எந்தக் குழுவிலும் சரிபாதி பெண்கள் போகட்டும், அவர்களில் தலித் பெண்களும் சம்பளம் வாங்கும் சிஸ்டர்களும் இருக்கட்டும், மனுவை எழுதும்போதே இருக்கட்டும். உதவிபெறும் பள்ளிகளின் ஒவ்வொரு சிஸ்டருக்கும் வந்த சம்பளம் எவ்வளவு, போனது எங்கே என்று வருடாந்தரக் கணக்கு அவர் கையில் தரப்படட்டும். வெளியேற வேண்டிவந்தால் வெறுங்கையோடு பேருந்து நிலையத்தில் நிற்காதபடி அதில் ஒரு பங்கு ஒதுக்கி வைக்கப்படட்டும். வாக்கை மீறாமலே இதைச் செய்யலாம். அரசாணை தேவையில்லை, யாரிடமும் மனு கொடுக்கத் தேவையில்லை.

ஓய்வூதியர்களுக்கு வருடம் ஒருமுறை கருவூலத்தில் நேர்காணல் உண்டு. உயிரோடு இருக்கிறார்களா என்று நேரில் பார்த்து உறுதிசெய்யும் சடங்கு. ஒருமுறை பெரியம்மாவை நான் அழைத்துப் போனேன். நல்ல வெயில், நீண்ட வரிசை. எங்கள் முறை வந்ததும் எழுத்தர் அவர் முகத்தையும் புத்தகத்தில் இருந்த படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "சிஸ்டர்தானே? இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றார். பெரியம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கணக்கு டீச்சருக்கே உரிய நேர்கோட்டில், தன் முழுப் பெயரையும் எழுதினார்.