முதுகில் எத்தனை ஸ்க்ரூ?

அம்மாவுக்குக் கீழ் முதுகில் எலும்பு நழுவியிருக்கிறது. நான்கு ஸ்க்ரூ, இரண்டு கம்பி, நடுவில் ஒரு கேஜ் என்று மருத்துவர் படம் வரைந்து காட்டிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் எழும் முதல் கேள்வி, “இவ்வளவு இரும்பு தேவைதானா? இரண்டு ஸ்க்ரூ போதாதா?” (இரும்பு இல்லை, பெரும்பாலும் டைட்டேனியம்.)

நியாயமான கேள்விதான். அதற்கு ஆய்வுக்கூடங்களில் விடை தேடியிருக்கிறார்கள். தானமாகக் கிடைத்த முதுகெலும்பை இயந்திரத்தில் பொருத்தி, முன்னால், பின்னால், பக்கவாட்டில் வளைத்து, முறுக்கியும் பார்ப்பார்கள். எத்தனை பாகை அசைகிறது என்பதே கணக்கு.

பழைய ஹாரிங்டன் கம்பியின் கொக்கிகள் எலும்பின் பின்பக்கத்தை மட்டுமே பற்றின. கீழ் முதுகின் இயல்பான வளைவு தட்டையாகி, நிமிர்ந்து நிற்கவே சிரமப்பட்டவர்கள் உண்டு. பிரான்ஸின் ருவா-கமீய் பரப்பிய பெடிக்கிள் ஸ்க்ரூ, பின்னாலிருந்து எலும்பின் முன்பகுதிவரை ஊடுருவிப் பிடிக்கிறது. இன்று பரவலாகச் செய்யப்படுவது இதுதான்.

ஒரு பக்கம் மட்டும் இரண்டு ஸ்க்ரூ போட்டால் தசைக்குச் சேதம் குறைவு, செலவும் குறைவு. ஆனால் முறுக்கும்போது பிடி தளர்கிறது. ஒரே ஓர் இணைப்பு, உறுதியான எலும்பு என்றால் சிலருக்கு அது போதும். எலும்பு நழுவியவர்களுக்கு இரு பக்கமும் போடுவதே பாதுகாப்பு என்பது என் கருத்து. கேஜ் இல்லாமல் ஸ்க்ரூ மட்டும் என்றால், குனியும் ஒவ்வொரு முறையும் பாரம் ஸ்க்ரூவிலும் கம்பியிலும் விழும். முன்பக்கமாக வைத்த கேஜ் மட்டும் என்றாலோ, பின்னால் சாயும்போது பிடி குறையும்.

ஆனால் எந்த முறையும் எலும்பைவிட உறுதியாக இருக்க முடியாது. செல்லரித்த பலகையில் ஸ்க்ரூ நிற்குமா? எலும்புத் தேய்மானம் உள்ளவர்களுக்கு ஸ்க்ரூவைச் சுற்றி எலும்பு சிமெண்ட் செலுத்துவது உண்டு. கெட்டியான மேலோட்டு எலும்பைப் பிடிக்கும்படி ஸ்க்ரூவைச் சாய்த்துச் செலுத்தும் முறை 2009-இல் அறிமுகமானது.

உலோகத்தின் வேலை தற்காலிகமானது. எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டப் பல மாதங்கள் ஆகும். ஒட்டாவிட்டால், வளைத்து வளைத்துக் கம்பி ஒடிவதுபோல ஸ்க்ரூவும் ஒரு நாள் ஒடியலாம். புகைப்பழக்கம் ஒட்டுவதைத் தாமதப்படுத்தும், அப்பாக்கள் கவனிக்க!

அடுத்த சந்திப்பில் ஸ்க்ரூவின் எண்ணிக்கையை விடுங்கள். அம்மாவின் எலும்பு அடர்த்தியைப் பரிசோதித்தார்களா என்று கேளுங்கள்.