எடுத்துப் பார், திருப்பி வை!



போன மாதம் இதே பலகையில் ஒட்டியிருந்த விடுகதைத் தாளை யாரோ கிழித்துக்கொண்டு போய்விட்டார்கள். விடை வெளியாக இன்னும் மூணு நாள் பாக்கி இருந்தது. "இதை எடுத்து என்ன பண்ணப் போறாங்க?" என்று எங்கள் ஆசிரியர் குழுவில் எல்லோருக்கும் கோபம். எனக்கும்தான். ஆனால் விடுமுறைக்குப் போய் வந்த பிறகு அந்தக் கோபம் கொஞ்சம் குறைந்துவிட்டது. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

மே மாதம் நானும் அம்மாவும் அமெரிக்காவில் நியூஜெர்சியில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போயிருந்தோம். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி சித்தி பையன், எனக்கு அண்ணன் முறை, ஒரு அழிரப்பரும் சின்னக் கத்தியும் கொடுத்து, "உனக்குன்னு ஒரு முத்திரை செதுக்கு. நாளைக்கு லெட்டர்பாக்ஸிங் போறோம்" என்றான். தபால் பெட்டி என்றுதான் முதலில் நினைத்தேன். அது இல்லை!

இது ஒரு தேடல் விளையாட்டு. தண்ணீர் புகாத ஒரு டப்பாவுக்குள் கையால் செதுக்கிய ஒரு முத்திரையும் ஒரு நோட்டும் போட்டு எங்கேயாவது ஒளித்து வைப்பார்கள். குறிப்பு மட்டும் கொடுப்பார்கள். அதை வைத்துத் தேடி, திசைகாட்டி பார்த்து, அடி எண்ணி நடந்து, டப்பாவைக் கண்டுபிடிக்கணும். அதில் இருக்கும் முத்திரையை நம் நோட்டில் குத்திக்கணும். நம் முத்திரையை அவங்க நோட்டில் குத்தணும். பிறகு டப்பாவை இருந்த இடத்திலேயே இருந்த மாதிரியே வைத்துவிட்டு வரணும். பரிசு கிடையாது, முதலிடம் கிடையாது! 1854-ல் இங்கிலாந்தில் டார்ட்மூர் என்ற மேட்டு நிலத்தில் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, அவ்வளவு தூரம் நடந்து வருகிறவர்கள் தங்கள் பெயர்ச் சீட்டைப் போட்டுவிட்டுப் போக ஒரு பாட்டிலை வைத்தாராம். அதிலிருந்து வளர்ந்தது இது. 1998-க்குப் பிறகுதான் அமெரிக்காவில் நன்றாகப் பரவியது.

நான் ரப்பரில் 'க' என்று அழகாகச் செதுக்கினேன். குத்திப் பார்த்தால் தலைகீழ்! கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பிச் செதுக்கணும் என்பது அப்புறம்தான் புரிந்தது. இரண்டாவது ரப்பர் காலி.

மறுநாள் போன இடம் டெலவேர் - ராரிட்டன் கால்வாய். அதன் முக்கியப் பகுதி மட்டும் 44 மைல், அதாவது சுமார் 71 கிலோமீட்டர். 1830-ல் தொடங்கி 1834-ல் திறந்தார்கள். பெரும்பாலும் அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த கூலிகள் கடப்பாரையும் மண்வெட்டியும் வைத்து வெட்டியது. 1832-ல் காலரா வந்து பலர் இறந்துபோனார்கள். கால்வாய் ஓரமாகவே புதைத்தார்களாம். கரையில் இருக்கும் மண் பாதைதான் நாங்கள் நடந்த பாதை. முன்பு படகில் கட்டிய கயிற்றை இழுத்துக்கொண்டு கோவேறு கழுதைகள் அதில் நடக்கும். 1871-ல் மட்டும் கிட்டத்தட்ட 30 லட்சம் டன் சரக்கு போயிருக்கிறது, அதில் பெரும்பகுதி நிலக்கரி. பாலத்தைத் திருப்பிப் படகுக்கு வழிவிடும் காவலாளிகளின் வீடுகள் சில இன்னும் நிற்கின்றன.

ரயில் வந்ததும் படகு குறைந்தது. 1932-ஓடு போக்குவரத்து நின்றுவிட்டது. ட்ரென்டன் நகரத்தில் ஒரு பகுதியை மூடிச் சாலையே போட்டுவிட்டார்கள். மீதியை அரசாங்கம் தண்ணீருக்காக வைத்துக்கொண்டது. இன்றைக்கும் அது குடிநீர்க் கால்வாய்! 1974-ல் பூங்காவாகவும் ஆக்கினார்கள். கழுதை நடந்த பாதையில் இப்போது தாத்தா பாட்டிகளும் சைக்கிள் பிள்ளைகளும் போகிறார்கள். மரக்கட்டையில் ஆமைகள் வரிசையாக வெயில் காய்கின்றன.

முதல் டப்பாவை ஒரு மணி நேரம் தேடினோம். மூன்று மூன்று இலையாக இருக்கும் ஒரு கொடியைத் தொடாதே, அரிச்சு எடுத்துடும் என்று அண்ணன் கத்திக்கொண்டே இருந்தான். குறிப்பில் சொன்ன கல் இருந்தது. அடியில் டப்பா இல்லை. யாரோ எடுத்துவிட்டார்கள்.

இரண்டாவது கிடைத்தது! எங்கே என்று சொல்ல மாட்டேன், அது விளையாட்டு தர்மம் இல்லை. நோட்டின் முதல் பக்கத்தில் 2009 என்று தேதி. யார் யாரோ குத்திய இலை, ஆமை, பூனை, ஷூ! முத்திரையில் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கு. இறகு இறகாகச் செதுக்கியிருந்தார்கள். எனக்கு அவ்வளவு பிடித்துவிட்டது. சுற்றிப் பார்த்தேன், யாரும் இல்லை. உண்மையைச் சொல்கிறேன், என் கை பாவாடைப் பாக்கெட்டுக்குப் போய்விட்டது.

அண்ணன் திட்டவில்லை. "முதல் டப்பா இல்லன்னதும் உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டான். நான் முத்திரையைத் திருப்பி வைத்துவிட்டேன்.

நம் விடுகதைத் தாளை எடுத்தவரும் கெட்டவராக இருக்கணும் என்று இல்லை. பிடித்திருக்கும். யாரும் பார்க்கவில்லை. அவ்வளவுதான். பொதுப் பொருள் என்றால் 'யாருடையதும் இல்லை' என்று நினைக்கிறோம். 'எல்லோருடையதும்' என்று நினைப்பதில்லை. அந்தக் கால்வாயை வெட்டியவர் யாரும் அதில் உலாவப் போனவர் இல்லை. கொக்கைச் செதுக்கியவர் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. எனக்காக விட்டுவைத்தார்கள். அடுத்து வருகிறவருக்கு நான் விட்டுவைக்கணும் இல்லையா?

"அதெல்லாம் வெளிநாட்டுல நடக்கும். நம்ம ஸ்கூல்ல ஒரு நாள் கூடத் தாங்காது" என்று என் தோழிகள் சிரிக்கிறார்கள். அங்கேயும்தான் ஒன்று காணாமல் போனது! ஆனாலும் அடுத்த டப்பாவைத் தேடி ஆட்கள் நடந்துகொண்டுதான் இருக்கிறார்கள். 'திருட்டு போகும்' என்று எதையுமே வைக்காமல் இருந்தால், நம்பிப் பழகுவது எப்போது?

என் யோசனை இதுதான்:

1. தலைமையாசிரியர் அனுமதியோடு பள்ளி வளாகத்துக்குள் மட்டும் ஐந்து டப்பாக்கள். பழைய ஐஸ்கிரீம் டப்பா போதும்.
2. முத்திரை அழிரப்பரில் நாமே செதுக்குவோம். (எழுத்தைத் திருப்பிப் போட மறக்காதீங்க!)
3. குறிப்பு இந்தப் பலகையில் வரும். புவியியல் பாடத்தில் படித்த திசைகளை அப்படியாவது பயன்படுத்துவோம்.
4. டப்பா தொலைந்தால் விசாரணை வேண்டாம். வேறொன்று வைப்போம்.

ஒரு பருவம் முயன்று பார்க்கலாம். ஐந்தில் மூன்று மிஞ்சினாலும் எனக்கு சந்தோஷம்தான்.

முதல் டப்பாவை நான் வைக்கிறேன். இரண்டாவதை யார் வைக்கிறீர்கள்? பெயரைக் கீழே எழுதுங்கள். பென்சிலை நூலில் கட்டித் தொங்க விட்டிருக்கிறேன். எழுதிவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள்!

— ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி